ஹெல்மெட்டுக்குள் இருந்தது நான்தான்

கேலஃபேர் வேலையில் முதல் பாடம், கேமராவைப் பார்க்கக் கூடாது. இரண்டாவது பாடம், கேமராவும் நம்மைப் பார்க்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

தொலைக்காட்சி நாடகத்தில் கதாநாயகி அழும்போது பின்னால் தே தாரே டீ குடித்துக்கொண்டிருப்பவர், கல்யாணக் காட்சியில் மூன்றாவது வரிசையில் தலையாட்டுகிறவர், ஆஸ்பத்திரிக் காட்சியில் கடைசிவரை டாக்டரைப் பார்க்காமலே உட்கார்ந்திருப்பவர், இவர்களைத்தான் சிங்கப்பூரில் கேலஃபேர் என்பார்கள். நீங்களும் அந்தக் கூட்டத்தில் நின்றவராக இருந்தால் கால் கடுப்பைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கண்ணாடி டம்ளரில் ஒன்றுமே இல்லாமல் குடிப்பதுபோல் காட்டுகிற கஷ்டமும் உங்களுக்குத் தெரியும்.

நான் இந்த வேலைக்கு வந்தது ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. அதுவரை ஜூரோங்கில் ஓர் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தேன். அச்சகத்தை மூடினார்கள். அதே வருஷம் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிற மகளுக்குக் குழந்தை பிறந்தது. என் மனைவி மைமூன், மூன்று மாசம் இருந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பிப் போனாள். பேரனுக்குப் பல் முளைத்தது, நடந்தான், பேசினான், மழலையர் பள்ளிக்கும் போகத் தொடங்கினான். மைமூன் வரவில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. அங்கே அவளைத் தேடுவதற்கு ஒரு குழந்தை இருந்தது, இங்கே நான் என்னையே பார்த்துக்கொள்வேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். தினமும் வந்த போன் இரண்டு நாளைக்கு ஒன்றானது, பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றானது. பூன் லேயில் எங்கள் வீட்டில் டிவியை நிறுத்திவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் தும்முவது கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான் விண்வெளித் தொடர் வந்தது.

அளவு பொருந்தியது

தமிழில் ஒரு விண்வெளித் தொடர் எடுக்கிறார்கள், ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனேன். உதவி இயக்குநர் பிரியா என் மகளைவிடச் சின்னவள். இடுப்பில் வாக்கி டாக்கி, கையில் அளவெடுக்கும் டேப். என்னை நிற்கவைத்துத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். ஐந்தாம் பகுதியின் கதையையும் அளந்துகொண்டே சொன்னாள். விண்கலத்தில் எரிபொருள் போதவில்லை. எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியாது, ஓர் ஆள் அந்தக் கிரகத்திலேயே இறங்கிக்கொள்ள வேண்டும். கேப்டன் இறங்குகிறார். மற்றவர்கள், திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மீதி நேரம் முழுக்க அவர் தனியாக நடக்கிறார்.

கேப்டனாக நடிப்பவர் வினோத். ஆனால் கேப்டன் என்பது மொத்தம் மூன்று பேர். முகம் தெரிகிற இடமெல்லாம் வினோத். பாறையில் ஏறுகிற இடத்தில் ஒரு ஸ்டண்ட் ஆள். வெயிலில் தூரத்தில் நடக்கிற இடமெல்லாம் நான். வினோத்தின் உயரமும் என் உயரமும் ஒன்று, தோள் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று.

உடைகளைப் பார்த்துக்கொள்கிற மலாய்க்கார அம்மாவின் பெயர் சித்தி. அதனாலேயே அங்கிருந்த தமிழர்கள் எல்லாருக்கும் அவர் உறவாகிவிட்டார். அவர்தான் எனக்கு உடுப்பை மாட்டிவிட்டு, ஹெல்மெட்டைக் கவிழ்த்து, பின்கழுத்தில் இரண்டு கிளிப்பைப் போட்டார். அவற்றைப் போடவும் எடுக்கவும் இன்னொரு ஆள் வேண்டும், நம் கை எட்டாது. உள்ளே என் மூச்சுச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. வெளியிலிருந்து பார்த்தால் பொன்னிறக் கண்ணாடி, அதில் எதிரே இருப்பவரின் முகம்தான் தெரியும். நான் அன்றைக்குச் சலவை செய்த சட்டை போட்டு, மீசையெல்லாம் திருத்திக்கொண்டு போயிருந்தேன். முகம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

பிரியா கட்டை விரலை உயர்த்திச் சொன்னாள்: "பெர்ஃபெக்ட் அங்கிள்! முகத்தைப் பத்திக் கவலையே படாதீங்க, அது எங்களுக்குத் தேவையில்லை."

சாப்பாட்டு வரிசை

கிரகம் கிராஞ்சியில் இருந்தது. ஒரு நாற்றுப் பண்ணைக்குப் பின்னால் கிடந்த செம்மண் திடல். எதிரே தெரிகிற மரங்களைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவோம் என்றார்கள். நான் உடுப்போடு நடந்து போனால் லைட்டுக்காரரிலிருந்து டிரைவர்வரை எல்லாரும் கையை ஆட்டி, "கேப்டன்!" என்பார்கள். நானும் ஆட்டுவேன். யாராவது நம்மைப் பார்த்துக் கை ஆட்டினால் மனசுக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதையே அங்கேதான் மறுபடி தெரிந்துகொண்டேன்.

மத்தியானம் சித்தி கிளிப்பைக் கழற்றிவிட்டார். வியர்வையில் நனைந்த பனியனோடும் அரைக்கால் சட்டையோடும் சாப்பாட்டு வரிசையில் போய் நின்றேன். பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இது ஷூட்டிங் ஆட்களுக்கு மட்டும், பண்ணை ஆட்களுக்கு அந்தப் பக்கம் கடை இருக்கிறது என்றார். நான்தான் கேப்டன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும் என்று தோன்றியது. சித்தியைத் தேடினேன், தொழுகைக்குப் போயிருந்தார். பையில் இருந்த பிஸ்கட்டைத் தின்று தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரிசைக்குப் போனேன். அதே ஆள். முகமெல்லாம் சிரிப்பு. கோழித் துண்டு ஒன்றை அதிகமாக வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "கேப்டன், நேத்து யாரோ ஒரு அங்கிள் உங்க சாப்பாட்டை வாங்கப் பார்த்தாருலா, நான் குடுக்கலையே."

நடந்துகொண்டே இருப்பது

கடைசி நாள் ஒரே ஒரு ஷாட் பாக்கி. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் நேராக நடக்க வேண்டும், புள்ளியாகிற வரைக்கும். நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்த வேண்டும். ஹெல்மெட்டுக்குள் காதோரம் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும், அதில் பிரியா பேசுவாள். "சூப்பர் அங்கிள், நடங்க, நடங்க" என்றாள். நடந்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் சத்தம் நின்றது. ஷாட் நன்றாகப் போகிறது, அதனால் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பேட்டரி போயிருந்தது.

திடல் முடிந்து வேலி வந்தது. இனி எங்கே போவது? திரும்பிப் பார்த்தேன். கேமரா இல்லை, குடை இல்லை, வேன் இல்லை. மேற்கே வானம் கறுத்து மின்னிக்கொண்டிருந்தது. மின்னல் எச்சரிக்கை வந்ததும் அவசர அவசரமாக எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். என் துணி, போன், பர்ஸ் எல்லாம் வேனில். மழை பிடித்துக்கொண்டது. ஹெல்மெட்டின்மேல் மழை விழுகிற சத்தம் தகரக் கூரைக்கடியில் நிற்பதுபோல் இருந்தது. கிளிப்பை எடுக்கக் கையைப் பின்னால் வளைத்துப் பார்த்தேன், விரல் நுனிகூடப் படவில்லை. கண்ணாடி உள்பக்கம் பனித்துவிட்டது. பயம் என்று சொல்ல மாட்டேன். திரும்ப நடந்தபோது நான் பேசிக்கொண்டே வருவது எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. சமையலறைக் குழாய் ஒழுகுது மைமூன், வாஷர் மாத்தினேன், அப்பவும் நிக்கலை, வேற குழாய்தான் போடணும். இதையெல்லாம் போனில் சொன்னால் பேரன் நடுவில் வந்துவிடுவான். அங்கே யாரும் நடுவில் வரவில்லை, முழுசாகச் சொல்லி முடித்தேன்.

எப்படி மறந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. வினோத்தும் அன்றைக்கு இன்னொரு விண்வெளி உடுப்பில் இருந்திருக்கிறார். மழைக்குப் பயந்து அதே உடுப்போடு வேனில் ஏறி, தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். என்னைக் கூப்பிடப் போன பையனுக்கு வேனுக்குள் ஓர் உடுப்பு தெரிந்தது, திரும்பிவிட்டான். பிரியா இதை என்னிடம் சொன்னபோது தேம்பிக்கொண்டிருந்தாள்: "வண்டிக்குள்ள கேப்டன் இருந்தாரு அங்கிள், அதான் நீங்க ஏறிட்டீங்கன்னு நினைச்சோம்."

லாரி

அவள் அழுதது பிறகு. அதற்கு முன்னால் நான் சாலைக்கு வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அந்தச் சாலையில் பஸ் வருவதே அபூர்வம். வந்த ஒரு பஸ்ஸுக்குக் கை காட்டினேன். டிரைவர் என்னைப் பார்த்தார், வண்டியின் வேகம் குறைந்தது, மறுபடி ஏறியது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

வேலை முடிந்து தங்கும் விடுதிக்குத் திரும்புகிற தொழிலாளர்களின் லாரி ஒன்று தாண்டிப் போய் நின்றது. பின்னாலிருந்து ஓர் ஆள் குதித்து ஓடி வந்தார். கழுத்தைத் தட்டிக் காட்டினேன். சட்டென்று புரிந்துகொண்டு இரண்டு கிளிப்பையும் எடுத்துவிட்டார். மழைக் காற்று முகத்தில் அடித்ததும் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். "முதல்ல ஏறுங்கண்ணே, அப்புறம் பேசலாம்" என்று கையைப் பிடித்து ஏற்றினார். பெயர் சேகர், அறந்தாங்கிப் பக்கம். ஈரத் துண்டுதான், பிழிந்து கொடுத்தார்கள். உடுப்பைத் தடவிப் பார்த்த ஒருவர், இதைக் கட்டுமான வேலைக்குப் போட்டால் ஒரு நாளில் கிழிந்துவிடும், எந்தக் கம்பெனி இப்படி ஏமாற்றுகிறது என்று விசாரித்தார்.

யாருக்காவது சொல்ல வேண்டுமா என்று சேகர் போனை நீட்டினார். பிரியாவின் நம்பர் என் போனில் இருந்தது, தலையில் இல்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்று. அழுத்தினேன். பெர்த்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தெரியாத நம்பரை மைமூன் எடுக்க மாட்டாள், நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன், ஏமாற்றுக்காரர்கள் கூப்பிடுகிறார்கள் என்று. போனைத் திருப்பிக் கொடுத்தேன். எடுக்கலையா என்று சேகர் கேட்டார். தூங்கியிருப்பாள் என்றேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, பெர்த்துக்கும் எங்களுக்கும் ஒரே நேரம்தான்.

அந்த நேரம் சேகரின் மனைவி வீடியோவில் வந்தார். மாவு அரைத்துக்கொண்டே பேசினார். கணவருக்குப் பக்கத்தில் வெள்ளை உடுப்பில், மடியில் பெரிய உருண்டையோடு உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்துவிட்டு, யாருங்க அது, என்ன வேஷம் என்று கேட்டார். எதிரே எங்கள் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வருவதையும் பிரியா ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டிருப்பதையும் நான் பார்த்தேன். இருந்தாலும் சேகர் என்ன சொல்கிறார் என்பதில்தான் என் காது இருந்தது. அவர் சாதாரணமாகச் சொன்னார்: "வேஷமெல்லாம் இல்லை, ஒரு அண்ணன் தனியா நின்னாரு, ஏத்திக்கிட்டோம்."

டெக்கா பக்கம் ஒரு ஞாயிறு

அந்தப் பகுதி ஒளியேறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, விளம்பரத்துக்காக உடுப்பைப் போட்டுக்கொண்டு லிட்டில் இந்தியாவில் டெக்கா சந்தைப் பக்கம் நடக்கச் சொன்னார்கள். வினோத்தைக் கேட்டிருக்கிறார்கள், அவருக்குத் தோது இல்லை. ஹெல்மெட்டில் இந்த முறை காற்றுக்கு ஓட்டை போட்டிருந்தார்கள், வெளிச் சத்தம் நன்றாகக் கேட்டது. பூக்கடை வாசலிலும் காய்கறி வண்டிகளுக்கு நடுவிலும் நின்று கை ஆட்டினேன். தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கணக்கில்லை. இது எந்த சிம் கார்டு கம்பெனி, டேட்டா எவ்வளவு என்று கேட்டவர்களும் நிறைய. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவ்வளவு பேர் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான்.

அந்தக் கூட்டத்தில் நடராஜன் வந்தான். அச்சகத்தில் என் பக்கத்து இயந்திரம். இருபது வருஷத்துக்கு மேல் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறோம். அச்சகம் மூடியபின் செங்காங்கில் மகனோடு போய்ச் சேர்ந்தான், பார்த்தே நாளாயிற்று. கூட அவன் மனைவி. இரண்டு பேரும் எனக்கு இரண்டு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. படம் எடுத்து முடியட்டும், டேய் நடராஜா என்று கூப்பிட்டுத் திகைக்கவைக்கலாம் என்று காத்திருந்தேன்.

அவன் மனைவி படத்தைப் பார்த்துவிட்டு, இதை ஷாஜகான் அண்ணனுக்கு அனுப்புங்க, அவருக்கு இந்த மாதிரி கூத்தெல்லாம் பிடிக்குமே என்றார். ஷாஜகான் நான்தான். கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் நடராஜன் போனைப் பைக்குள் போட்டுவிட்டான். அவர்கள் சாலையைக் கடந்து போகிறவரை கை ஆட்டிக்கொண்டிருந்தேன். போனைப் பைக்குள் போடும்போது நடராஜன் சொன்னது இதுதான்: "அவன் எங்க இங்க இருக்கான்? பொண்டாட்டியோட பெர்த்துக்குப் போய் செட்டில் ஆயிட்டான்லா."

புள்ளி

ஐந்தாம் பகுதியை நான் வீட்டில் தனியாகப் பார்த்தேன். மைமூனுக்கு லிங்க்கை அனுப்பியிருந்தேன். நான் நடித்திருக்கிறேன் என்று மட்டும் எழுதினேன், எங்கே என்று எழுதவில்லை. மறுநாள், ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாள், அவளே கூப்பிட்டாள்.

"என்னங்க, அழுதுட்டேன்ங்க. அந்தப் பாறையில ஏறி நின்னு மேல பார்க்கிறீங்களே, அப்படியே நெஞ்சை அடைச்சிருச்சு. உங்களுக்கு இவ்வளவு நல்லா நடிக்க வருமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவள் அழுதது வேறு ஓர் ஆளுக்காக என்பது எனக்கு ஒப்பவில்லை.

"அது நான் இல்லை மைமூன். அது ஸ்டண்ட் ஆளு."

"அப்ப அந்தக் கண் கலங்குறது?"

"அது வினோத்."

"அப்ப நீங்க எதுல வர்றீங்க?"

"கடைசியில ஒரு ஆளு தூரமா நடந்து போவான்ல, புள்ளியா... அது."

பின்னால் பேரன் எதற்கோ கத்தினான். "அந்தப் புள்ளியா? அப்ப பாட்டு வந்துச்சே, முடிஞ்சிருச்சுன்னு நிறுத்திட்டேன்" என்றாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். பேரனைத் தூக்கப் போக வேண்டும் என்று வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னதற்காக என்மேல் எனக்கே கோபம் வந்தது.

இரண்டு மூன்று நாள் சத்தமில்லை. பிறகு காலையில் ஒரு குரல் செய்தி வந்திருந்தது. பின்னால் பேரனின் கத்தல் எதுவும் இல்லாத, வீட்டில் எல்லாரும் வெளியே போனபின் பேசுகிற குரல். சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா என்று ஒன்றும் இல்லை. பள்ளி விடுமுறையில் மகள் லீவு போட்டு வீட்டில் இருப்பாள், அப்போது டிக்கெட் போட்டிருக்கிறேன் என்று முடித்திருந்தாள். அதற்கு முன்னால் சொன்னதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்: "அந்தப் புள்ளியை மறுபடி போட்டுப் பார்த்தேன்ங்க. நீங்க பாட்டுக்கு நடந்துகிட்டே இருக்கீங்க, ஒருத்தர்கூட உங்களைக் கூப்பிடலையே."

மைமூன் வந்துவிட்டாள், திரும்பிப் போகிற டிக்கெட்டோடுதான் வந்திருக்கிறாள், தேதியைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசுவதில்லை. வந்த மறுநாளே பிரியா அடுத்த வேலைக்குக் கூப்பிட்டாள், கூட்டத்தில் நிற்க யார் வேண்டுமானாலும் கிடைப்பார்களாம், தனியாக நடக்கத்தான் அனுபவமுள்ள ஆள் வேண்டுமாம், அந்த அனுபவம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அவள் இதுவரை கேட்கவில்லை.